நாடா போடாத நிலம்

என் பெயர் முனிராஜ். வயது ஐம்பத்தொன்று. தகப்பனார் ஜடையன், காலஞ்சென்றவர். சொந்த ஊர் ஹனூருக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் ஒரு கிராமம். ராணுவப் பொறியாளர் படையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். கைதான நாள்வரை மைசூரு விஜயநகரில் மேஜர் ஜெனரல் சம்பத்குமார் அவர்களின் வீட்டுப் பின்பக்க அறையில் என் மனைவி கனகாவுடன் குடியிருந்தேன். கன்னடம் பேசுவேன். தமிழ்நாட்டுப் பக்கம் பர்கூரில் மாமன் வீட்டில் தங்கிப் படித்ததால் எழுத்து எனக்குத் தமிழ்தான். ஆகையால் தமிழில் சொல்கிறேன், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆறுமுகசாமி எழுதிக்கொள்கிறார். அவர் இரண்டு இடத்தில் "இத வேற மாதிரி போட்டுக்கலாமே" என்றார். வேண்டாம், சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள் என்றேன்.

இதைச் சொல்ல எனக்குக் கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் எனக்கே எதிராக முடியலாம் என்றும் மாஜிஸ்திரேட் அம்மா இரண்டு தடவை சொன்னார்கள். யோசிக்க ஒரு நாள் கொடுத்தார்கள். என் வக்கீல், "சார் அடம் புடிச்சு நின்னுட்டாரு, கிட்டப் போனா கத்துனாரு, பயந்துட்டேன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். கெட்டிக்கார வக்கீல்தான். ஆனால் அவர் சொல்லச் சொன்னது பொய்.

புகார் கொடுத்தவர் ஜெனரல் சாரின் மகள் சௌம்யா. சிட்னியில் இருக்கிறார். வீட்டு முன்புறக் கேமராவில் ஏப்ரல் பத்தாம் தேதி பதிவானதைப் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்திருக்கிறார். காலை 11.04 முதல் மதியம் 1.36 வரை அவருடைய அப்பா உச்சி வெயிலில் புல்வெளி நடுவே அசையாமல் நிற்பதும், எட்டடி தள்ளி போர்ட்டிகோ நிழலில் நான் கையில் நாடாக் கட்டுடன் நிற்பதும் அதில் இருக்கிறது. அது சரியான பதிவு. அந்தக் கேமராவில் சத்தம் பதிவாகாது. அன்று பேசியது என்னவென்று சொல்ல, முதலில் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சார் மேல்கோட்டையில் பிறந்தவர். அப்பா அங்கே சமஸ்கிருத பண்டிதர். அந்தத் தெருவிலிருந்தே பட்டாளத்துக்குப் போன முதல் ஆள் தான்தான் என்று சிரித்துக்கொண்டு சொல்வார். பதினாறு வயதில் ராணுவக் கல்லூரிக்குப் போய், இருபதில் லெப்டினன்ட் ஆகி, அதன் பிறகு பனிமலையில் பாலம் கட்டி, வெள்ளத்தில் மூழ்கிய ஊர்களுக்குப் படகு ஓட்டி, இரண்டு பதக்கம் வாங்கி, கர்னலாக எங்கள் ரெஜிமெண்டுக்குத் தலைமை ஏற்று வந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. எங்களை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்று விரல் நுனியில் வைத்திருப்பார். நாங்கள் சாப்பிட்ட பிறகே தட்டெடுப்பார். நல்ல அதிகாரி. இதை விட்டுவிடாமல் எழுத வேண்டும், ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் நான் என்றைக்கோ தப்பித்திருப்பேன்.

2002ஆம் வருடம் ஜனவரியில் மேற்கு எல்லைப் பாலைவனத்தில் கண்ணிவெடி புதைக்கும் வேலை எங்களுக்கு வந்தது. முதலில் இரண்டடி அகலத்துக்கு இருபக்கமும் வெள்ளை நாடா விரித்துப் பாதை போட வேண்டும், அந்த நாடாவுக்குள்தான் போக வேண்டும், அதற்குள்தான் திரும்ப வேண்டும். அதுதான் முறை. பத்தொன்பதாம் தேதி காலை நாடா ஏற்றிய வண்டி வரவில்லை. பன்னிரண்டு மணிக்குள் அந்தப் பகுதி முடிந்தது என்று மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும். கர்னல் சார் ஜீப்பில் வந்து இறங்கி, "டேப்புக்காக நிக்க நேரமில்ல. தம்பிங்க அவங்கவங்க கால்தடத்துலயே திரும்பி வரட்டும்" என்றார். நாங்கள் இறங்கினோம். அதன் பிறகு காற்று எழுந்தது.

எனக்கு முன்னால் பத்தடி தள்ளி சேப்பர், அதாவது எங்கள் படைச் சிப்பாய், அய்யாசாமி இருந்தான். பக்கத்து ஊர்க்காரன், என்னோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன். வேலை முடிந்து திரும்பியபோது மணல் மூடி எங்கள் கால்தடம் ஒன்றும் இல்லை. அய்யாசாமி கவனமானவன். காலை எடுக்காமல் குனிந்து தேடினான். "ஏண்டா முனிராசு, என்ற தடத்தக் காணமேடா" என்றான். ஜீப்பிலிருந்து விசில் வந்தது, வரச்சொல்லி. அதன் பிறகுதான் அவன் நடந்தான். மூன்றாவது அடியில் வெடித்தது. அதற்குமேல் நான் சொல்ல மாட்டேன். நான் நின்ற இடத்திலேயே மூன்று மணி நேரம் நின்றேன். நாடா வண்டி வந்த பிறகு, வெளியிலிருந்து ஒருவர் படுத்துக்கொண்டு கம்பியால் தரையைக் குத்திப் பார்த்து, நாடா விரித்துக்கொண்டே வந்து என்னை அழைத்துப் போனார்.

நாலாம் நாள் கர்னல் சார் என்னைத் தன் கூடாரத்துக்குக் கூப்பிட்டார். தன் சொந்தக் குவளையில் டீ ஊற்றிக் கொடுத்தார். "டேப் இல்லேன்னு நீ சொன்னா நான் மட்டும் போகமாட்டேன் முனிராஜ், ரெஜிமெண்ட் பேரே போயிடும். போனவன் திரும்பி வரப்போறதில்ல" என்றார். மிரட்டவில்லை. அவர் கண் வீங்கியிருந்தது, அழுதிருந்தார். எனக்கு இருபத்தேழு வயது. அவர் சொன்னால் நெருப்பிலும் இறங்குவேன் என்று இருந்தவன். டீயைக் குடித்தேன். அதன் பிறகு விசாரணையில், நாடா போடப்பட்டிருந்தது என்றும், சேப்பர் அய்யாசாமி தன் கவனக்குறைவால் நாடாவுக்கு வெளியே கால் வைத்தார் என்றும் வாக்குமூலம் கொடுத்தேன். சொந்தத் தவறால் இறந்தவன் என்று ரெஜிமெண்டின் நினைவுக் கல்லில் அவன் பெயரை வெட்டவில்லை.

அவனுடைய பெட்டியை ஊருக்கு எடுத்துப் போனது நான்தான். அவன் தாயார் கமலம்மாள் எப்படி ஆச்சு என்று கேட்டார். கையெழுத்துப் போட்டதையே அங்கும் சொன்னேன். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை விட்டு யார் இறங்கினாலும், பள்ளிக்கூடம் போகும் குழந்தையானாலும், "பாத்துக் காலெடுத்து வை சாமி. எம்பையனாட்டம் மெத்தனமா இருக்காத" என்று சொல்லித்தான் அனுப்புவார். இருபத்துமூன்று வருடம் என் காதில் விழுந்த வார்த்தை அது. 2003இல் அய்யாசாமியின் தங்கை கனகாவைக் கட்டிக்கொண்டேன். அந்த வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கட்டினேனா, பிரியப்பட்டுக் கட்டினேனா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. பிரியம் இருக்கிறது, அது மட்டும் நிச்சயம்.

சார் அதன் பிறகு பிரிகேடியர் ஆனார், மேஜர் ஜெனரல் ஆனார், 2013இல் ஓய்வு பெற்று விஜயநகரில் வீடு கட்டினார். லேஅவுட் பூங்காவில் சுதந்திர தினத்துக்குக் கொடி ஏற்றுவது அவர்தான். பள்ளிக்கூடங்களில் அவரைக் கூப்பிட்டு ஒழுக்கம், கடமை என்று பேசச் சொல்வார்கள். 2019இல் அவர் மனைவி இறந்ததும் எனக்கு போன் பண்ணி, "வந்துடு முனிராஜ், வேற யாரையும் எனக்குத் தெரியாது" என்றார். வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கனகா அங்கே சமையல் பார்த்தாள். அவள் யாருடைய தங்கை என்று சாருக்குத் தெரியும். தட்டை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கனகா, "எவ்வளவு மரியாதையான மனுசன் பாருங்க" என்பாள்.

2022இல் சாருக்கு மறதி நோய் வந்தது. அடுத்த வருடம் ஒரு நாள் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்று, "டேப் எங்க?" என்று கேட்டார். வீடு, தோட்டம் எல்லாம் கண்ணிவெடி என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. மறுத்துப் பேசாதீர்கள், அவர் போக்கில் போங்கள் என்றார் டாக்டர். நான் தேவராஜ மொஹல்லா கடைத்தெருவுக்குப் போய்ப் பாவாடை நாடா கட்டுக்கட்டாக வாங்கினேன். "ஏன் சார், ஊருக்கே பாவாடை தைக்கிறீங்களா?" என்று கடைக்காரர் கேலி பண்ணினார். கட்டிலிலிருந்து குளியலறைக்கு, சாப்பாட்டு மேஜைக்கு, போர்ட்டிகோவுக்கு, புல்வெளி தாண்டிக் கேட்வரைக்கும் இரண்டடி அகலத்தில் விரித்தேன். அதன் பிறகு சார் குழந்தை மாதிரி சந்தோஷமாக நடந்தார். மகள் போனில் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்களுக்குக் கோயில் கட்டணும்" என்றார். கனகாவும் நாடாவுக்குள்ளேயே நடந்து குழம்பு கொண்டுவந்து வைப்பாள். அது என்ன நாடா என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். இரண்டு வருடம் அந்த இரண்டடிக்குள் நடந்தேன். சொல்லிவிட்டால் கனகா போய்விடுவாள், சொல்லாமல் அவள் கையால் போட்ட சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் பத்தாம் தேதி வியாழக்கிழமை கனகா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். புல் வெட்டுகிற ஆள் வந்து, புல்வெளி நாடாவைச் சுருட்டிப் போர்ட்டிகோவில் வைத்துவிட்டு, வெட்டி முடித்ததும் மறுபடி விரிக்காமல் போய்விட்டார். மாத்திரை வாங்கப் போயிருந்த நான் பின்வாசல் வழியாக வந்து பார்க்கையில் மணி பதினொன்று. சார் நடுப்புல்வெளிவரை நடந்து வந்துவிட்டு, நாடா இல்லை என்று கண்டு அப்படியே நின்றிருந்தார். இதற்கு முன் நாலு தடவை இப்படி ஆகியிருக்கிறது. படுத்துக்கொண்டு கம்பியால் தரையைக் குத்துவதுபோலச் செய்து, நாடா விரித்துக்கொண்டே போய், "கிளியர் சார்" என்றால் வந்துவிடுவார். பத்து நிமிட வேலை. அன்றும் நாடாவைக் கையில் எடுத்தேன்.

"தம்பி, டேப் ஏன் போடல?" என்று கேட்டார்.

புல் வெட்டுகிறவன் எடுத்துவிட்டான் என்று சொல்லியிருக்க வேண்டும். "நீங்கதான் சார் வேண்டாம்னீங்க" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியாது.

"நான் சொல்லல" என்றார்.

"அப்படின்னா நில்லுங்க" என்றேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நான் தெரிந்தே செய்தது. அவருக்கு நோய், எனக்கு இல்லை. யார் சொன்னது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். சிலசமயம் வண்டி மேல் பழி போட்டார், சிலசமயம் மேலதிகாரி மேல் போட்டார், சிலசமயம் தன் அம்மாவைக் கூப்பிட்டார். பன்னிரண்டு மணி வாக்கில் தண்ணீர் கேட்டார். மாத்திரைப் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. "சொல்லுங்க சார், தர்றேன்" என்றேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அப்போது வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் அன்று மூன்று மணி நேரம் நின்றவன், நீயும் நில் என்று இருந்தது.

ஒன்றரை மணிக்கு அவர் கால் நடுங்க ஆரம்பித்தது. "நான்தான் சொன்னேன் தம்பி. டேப்புக்கு நேரமில்லேன்னு நான்தான் சொன்னேன். அய்யாசாமி நின்னுட்டுத்தான் இருந்தான். விசில் ஊதச் சொன்னதும் நான்தான்" என்றார். விசில் பற்றி நான் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார்.

எனக்குப் பின்னால் பை விழுந்த சத்தம் கேட்டது. கனகா வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. "எங்கண்ணன் பேர ஏனுங்க சொல்றாரு?" என்றாள். நான் அவளைப் பார்க்காமல் கையிலிருந்த நாடாவைப் பார்த்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அதன் பிறகு அவள் புல்வெளியில் இறங்கி நேராக அவரிடம் நடந்தாள். சார், "அம்மா, நில்லுங்க, காலெடுக்காதீங்க, வெடிச்சிரும்!" என்று அலறினார். அவள் நிற்கவில்லை. அவர் கையைப் பிடித்து, "ஒண்ணுமில்லீங்க சார், வாங்க, வெயிலு" என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஆறேழு அடி வந்து, போர்ட்டிகோப் படியில் சரிந்து விழுந்தார். பாட்டிலை அவர் வாயில் வைத்ததும் அவள்தான், ஆட்டோ பிடித்ததும் அவள்தான்.

சார் இன்னும் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் இருக்கிறார் என்று சொல்கிறார்கள். உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கனகா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "எங்கம்மாகிட்ட நான் போயி என்னன்னு சொல்லுவேன்? நீங்க சொன்ன பொய்யி, நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள். அதன் பிறகு ஹனூர் பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் என்னைக் கைது செய்தார்கள். போய்ச் சொல்ல வழியில்லை. புகாரில் சௌம்யா சொல்வதுபோல நான் வெறிபிடித்து அவரை நிறுத்தவில்லை. ஆனால் நிறுத்தியது நான்தான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை மொழிபெயர்ப்பாளர் வாசிக்கக் கேட்டேன். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை. யாராவது வற்புறுத்தினார்களா என்று மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார்கள். இல்லை. அன்றைக்கும் யாரும் வற்புறுத்தவில்லை, டீ மட்டும் கொடுத்தார்கள். சொன்னதெல்லாம் உண்மை என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை போட்டது பொய், இது உண்மை. இதன் நகல் ஒன்றைக் கமலம்மாளுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, கனகா படித்துக் காட்டட்டும். முழுவதும் படிக்க அவளுக்கு மனம் வராவிட்டால், அய்யாசாமி கவனமானவன் என்று ஒரு வரி இருக்கிறது, அதை மட்டுமாவது படிக்கட்டும்.

(ஒப்பம்) ஜ. முனிராஜ்
மைசூரு

தமிழில் எழுதி, வாசித்துக் காட்டியவர்: ஆறுமுகசாமி, மொழிபெயர்ப்பாளர்