திருகாணியில் கால் சுற்று

நூல் வெட்டும் கத்தரிக்கோலைக் காகிதத்தில் வெட்டிப் பார்த்து வாங்கக் கூடாது. கடைக்காரர் எப்போதும் காகிதத்தைத்தான் நீட்டுவார். காகிதத்தை மொக்கைக் கத்தரியும் வெட்டும். ஒற்றை இழைப் பருத்தி நூலை நனைத்து, கத்தரியின் கடைசி நுனியில் வைத்து வெட்டிப் பார்க்க வேண்டும். துண்டானால் சரி. மடிந்து நடுவில் சிக்கிக்கொண்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். நீங்கள் தையல்காரர், உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு வாங்குகிறது உங்களுக்கு, உட்காருங்கள். கீழ்வீட்டிலிருந்து மூன்று மாடி ஏறுவது லேசில்லை. தம்பி உள்ளே தூங்குகிறான். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம்.

இருபத்திரண்டு வருடம் கண் ஆஸ்பத்திரியின் அறுவை அறையில் கருவிகளைக் கழுவி, கூர் பார்த்து அடுக்கியவள் நான். தம்பி மாதிரிக் கப்பல் கட்டத் தொடங்கியபோது கருவிகள் என் பொறுப்பு என்று தானாகவே ஆயிற்று. பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படி போல நூல் கட்டுவான். ஒரு கப்பலுக்கு எழுநூறு முடிச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுப் பசை வைத்து, காயும்வரை பொறுத்து, மிச்ச வாலை ஒட்ட வெட்ட வேண்டும். வால் நீண்டால், "முடிச்சுக்கு மீசை முளைச்சிருக்குக்கா" என்பான்.

நகவெட்டி வைத்துப் பார்த்தோம், நூல்முனை குச்சம்போலப் பிரிந்தது. பிளேடு கூர்மைதான், ஆனால் விறைப்பாக நிற்கும் பக்கத்துக் கயிற்றையும் சேர்த்து அறுத்தது. சூடாக்கிய கம்பிமுனை நைலானுக்கு ஆகும், பருத்தியைக் கருக்கிவிடும். கடைசியில் கண் அறுவைக்கு வைப்பது போன்ற, நுனி வளைந்த சின்னக் கத்தரியை நான் தேடிப் பிடித்தேன். வளைந்த நுனி முடிச்சின்மேல் படுத்துக்கொள்ளும், கயிற்றைத் தொடாது. தினமும் காலையில் துடைத்து, திருகாணிக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, அவன் வலக்கைப் பக்கம் வைப்பேன். அவன் அந்தத் திருகாணியைத் தொட்டதே கிடையாது. "முடிச்சு என் டிபார்ட்மெண்ட், கத்தரி அக்கா டிபார்ட்மெண்ட்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

பிறகு துறைமுக அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய கப்பல் மாதிரிகளைச் செப்பனிடும் வேலை. இரண்டு நாள் ரயில் பயணத் தூரம். அதிகாரி ஒரு மாதத்தில் வீட்டுக்கே வந்து, அவன் கயிறு கட்டுவதைக் கண்ணால் பார்த்து உத்தரவு கொடுப்பார் என்று எழுதியிருந்தது.

"நீயும் வந்துடுக்கா. ரெண்டு ரூம் வீடு தர்றாங்க. ஜன்னல்ல கடல் தெரியுமாம்."

"கடலை வச்சு நான் என்னடா பண்ண? துவைச்சுக் காயப்போடவா?"

அவன் சிரித்தான். நான் சம்மதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து இந்த வீட்டில் சோறு போடுகிறவள் நான். அவன் வீட்டில், அவன் காட்டுகிற அறையில், அவன் போடுகிற சோற்றைத் தின்று உட்கார்ந்திருக்கும் நாள் வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். கால் சுற்றுதான். காகிதம் அப்போதும் நன்றாக வெட்டியது. நூல் மட்டும் இரண்டு தகட்டுக்கும் நடுவில் மடிந்து நழுவியது.

"அக்கா, நூல் நழுவுதே."

"போய் முகத்தைக் கழுவிட்டு வா, நான் பாக்குறேன்."

அவன் திரும்பி வருவதற்குள் இறுக்கிவிட்டேன். அவன் கண்முன்னால் மூன்று வால் வெட்டிக் காட்டினேன். "எனக்கு வெட்டுதேடா. உன் கைதான் லேசா நடுங்குது."

"நடுங்குதா?"

கையை நீட்டிப் பார்த்தான். யாராக இருந்தாலும் அப்படி உற்றுப் பார்த்தால் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

இப்படி மூன்று வாரம். நான் அவனை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. தோளைத் தடவிக் கொடுத்தேன், அவனுக்காகப் பிரார்த்தித்தேன். அதிகாரி வருவதற்கு மூன்று நாள் முன்னால் நீங்கள் படிக்கட்டில் அவனைப் பார்த்தீர்கள். "என்ன தம்பி, கப்பல் கவுந்த மாதிரி போறீங்க? கட்டுறதே நீங்கதானே!" என்று கேலி செய்துவிட்டு, விஷயத்தைக் கேட்டு, பொத்தான்துளை வெட்டும் உங்கள் கத்தரியை அவன் கையில் கொடுத்தீர்கள். உங்கள் அப்பா வைத்திருந்தது, நீங்கள் யாருக்கும் கடன் கொடுக்காதது. அன்று மாலை அவன் அறுபது முடிச்சு வெட்டினான். ஒன்றுக்குக்கூட மீசை இல்லை.

"என் கையில ஒண்ணுமில்லக்கா! பாரேன்!"

பார்த்தேன். உங்கள் கத்தரியில் திருகாணி இல்லை, ஆணி அறைந்து மூடியிருந்தது. ஆகவே மறுநாள் அவன் குளிக்கப் போனபோது, கப்பலுக்கு வளையம் செய்கிற செம்புக் கம்பியை அதில் வெட்டினேன். இரண்டே வெட்டு. கூர்விளிம்பில் சின்னப் பள்ளம் விழுந்தது. வெட்டுவதற்கு முன்னால், அவனுக்கு ஒரு தீங்கும் வரக் கூடாது என்று கடவுளை வேண்டிக்கொண்டேன்.

அதிகாரி வந்தார். ஏழாவது முடிச்சில் நூல் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. தம்பி பதறி இழுத்தான். கட்டிய ஏணி முழுவதும் தொய்ந்துபோயிற்று. என் கத்தரியை எடுத்தான். அதிலும் நூல் நழுவியது. அவர் நல்ல மனிதர், முகத்தைச் சுளிக்கவில்லை. "பதட்டம் யாருக்கும் வர்றதுதான். வேலையை வேற யாருக்கும் தரல. ஆறு மாசம் கழிச்சு வர்றேன், தயாரா இருங்க" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் காட்டிய இரக்கம் ஒன்று, அவர் காட்டிய இரக்கம் ஒன்று. இரண்டும் சேர்ந்துதான் என் வேலையைக் கூட்டிவிட்டன.

உங்கள் கத்தரியைத் தானே கெடுத்துவிட்டதாக நினைத்துப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தான். உங்கள் முகத்தில் விழிக்கக் கூசி, நீங்கள் வாசலில் இல்லாத நேரம் பார்த்துப் படி இறங்குவான். பதினான்கு மாதம் கழித்து இன்று காலை என்ன தோன்றியதோ, எடுத்து வந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறான். நீங்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்கள். நூல் வெட்டிய தடம் எது, கம்பி வெட்டிய தடம் எது என்று உங்களுக்குத் தெரியாமல் போகுமா? "கம்பி வெட்டினது யாரு?" என்று ஏறி வந்ததும் கேட்டீர்கள். நான்தான்.

"பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தீங்களே, எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்கிறீர்கள். வளர்த்ததால்தான் வந்தது. வேறு யாருக்காக நான் இவ்வளவு சிரமப்படுவேன்?

அவனை எழுப்பிச் சொல்லுங்கள் என்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். அதிகாரி வந்துபோன பிறகு அவனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். கையில் ஒன்றுமில்லை, மனசுதான் என்றார். தூங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதி, பத்து நாளில் நிறுத்திவிடச் சொன்னார். ஆறு மாதத்தில் மறுபடி வருவேன் என்று ஒருவர் சொல்லிப் போயிருக்கும்போது எப்படி நிறுத்துவது? ஒன்றை இரண்டாக்கினேன். பாலில் கரைத்துக் கொடுக்கிறேன். குடித்துவிட்டு, "நீ இல்லன்னா என் கதி என்னக்கா" என்பான். அதிகாரி சொன்னபடியே வந்தார். தம்பியால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அவர் பிறகு வரவில்லை.

இன்று காலை உங்களிடம் கத்தரியை நீட்டியபோது அவன் கையை நீங்களே பார்த்திருப்பீர்கள். சட்டைப் பொத்தானைக்கூட இப்போது நான்தான் போட்டுவிடுகிறேன். கை நடுங்குகிறது என்று அன்று நான் அவனிடம் சொன்னது பொய் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.