முச்சந்தியில் உடைந்த பேய்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பத்தாங் காலியில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்னால் உட்கார்ந்தார்கள். ரவாங்கில் அவர்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஹாலோவீன் விருந்தாம். இளையவள் உட்காரும்போதே சொன்னாள்:

"போட்டிக்கு நான் செஞ்ச பேயை எங்க வீட்டுக்காரரு முச்சந்தியில போட்டு உடைச்சிட்டாருக்கா."

"என்ன பேய்?"

"பூசணிக்காய்க்கா. கண்ணு, பல்லு எல்லாம் வெட்டி, உள்ள விளக்கு ஏத்தி வாசல்ல வெச்சிருந்தேன். வேலை முடிஞ்சு வந்த மனுசன், யாரோ செய்வினை வெச்சிட்டாங்கன்னு சூடம் கொளுத்தி, வீட்டைச் சுத்திக் கொண்டுபோய் ஒரே போடு!"

மூத்தவளுக்குச் சிரித்துப் புரை ஏறியது. "வெள்ளைக்காரன் எதுக்கு அதுல மூஞ்சி வெட்டுறான்?"

"அன்னைக்குச் செத்தவங்க ஆவி திரும்பி வருமாம். கெட்டது வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு வாசல்ல வெப்பாங்களாம்."

"நாமளும் அதுக்குத்தானே உடைக்கிறோம்! அவன் பயமுறுத்துறான், உன் வீட்டுக்காரரு வெரட்டுறாரு. சரி, இப்பப் போட்டிக்கு?"

"சூப்பர்வைசருக்குப் போன் பண்ணேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. குடும்பத்தோட வரலாம் லா, போட்டி முடிஞ்சதும் எல்லாக் காயையும் உன் வீட்டுக்காரரே சுத்திப் போட்டு உடைக்கட்டும்னுட்டாரு."

நான் இறங்க வேண்டிய செரண்டா வந்தது. எழுந்திருக்க மனசு வரவில்லை.

"வருவாராமா?"

இளையவள் என் பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். அங்கே தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிய ஆள், தொப்பியை எடுக்காமலே கேட்டார்:

"மொத்தம் எத்தனை காய்னு கேட்டியா? சூடம் ஒரு பாக்கெட்தான் எடுத்துட்டு வந்திருக்கேன்."