நடுப்பிரிவுக்கு ஒரு பச்சை

பொகவந்தலாவை பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரே வகுப்பில் படித்த இரண்டு பெண்கள். ஒருத்தி தேயிலைத் தோட்டத்திலேயே இருப்பவள். மற்றவள் பல வருசம் கழித்துக் கொழும்பிலிருந்து வருகிறவள். தோட்டத்துக்காரி திடீரென்று சிரித்தாள்.

“தோட்டத்து மேப்புக்கு மூணு கலர் பத்தலன்னு அழுதியே புள்ள!”

“பின்ன? தொட்டுக்கிட்டு இருக்குற பிரிவுகளுக்கு ஒரே கலர் அடிக்கக் கூடாதுன்னுட்டாரு நம்ம பள்ளிக்கூடத்து சார். மேப்பிரிவு, கீப்பிரிவு, ஆத்துப்பிரிவு மூணும் ஒன்னையொன்னு தொடுது. நடுவுல எங்க நடுப்பிரிவு, அது மூணையுமே தொடுது. நீதான் ஒன் பச்சப் பென்சில ஒடிச்சுப் பாதி குடுத்த.”

“இப்ப எம் மகளுக்கும் அதே மேப்பு வேலதான் குடுத்திருக்காங்க.”

“பச்ச வாங்கிக் குடுத்தியா?”



“தேவப்படல புள்ள. நடுப்பிரிவ மேப்பிரிவோட சேத்துட்டாங்க. ஒங்க லயத்து வீடுங்களையும் இடிச்சாச்சு. இப்ப மூணு கலரே போதும்.”