கெட்டிப்பட்ட விளக்கெண்ணெய்

பெரில்: வில்ஃப்! என் அடுப்புக்குள்ள மறுபடியும் எதையோ வச்சிருக்கே!

வில்ஃப்: எடுத்துடாதே பெரில், இன்னும் சூடு ஏறல...

பெரில்: கேக் வேகணும். இந்த வீட்டுல மனுஷங்களும் இருக்கோம், ஞாபகம் இருக்கா? துணியில சுத்தி... என்ன இது, எலியா?

வில்ஃப்: எஞ்சின். சின்ன டீசல். பொம்மை விமானத்துக்கு மாட்டறது.

பெரில்: அது எனக்குத் தெரியாதா? உன்கூடப் பொறந்ததுல இருந்து இந்த நாத்தத்தைத்தான் மோந்துகிட்டு இருக்கேன். யாரோடதுன்னு கேட்டேன்.

வில்ஃப்: மிசஸ் கிரீவ்ஸோடது.

பெரில்: மறுபடியும் எட்னாவா! அவ புருஷன் ரெஜ் செத்ததும் அவரோட விமானமெல்லாம் கிளப்புக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. எஞ்சின் பெட்டி மட்டும் எப்படி வத்தாம வந்துகிட்டே இருக்கு?

வில்ஃப்: மெதுவா பேசு. கொட்டகையில உக்காந்திருக்காங்க. ...இதான் கடைசி. பெட்டி காலியாம்.

பெரில்: காலியா?

வில்ஃப்: வீட்டை வித்துட்டு மகன்கிட்ட போறாங்களாம். பிளைமவுத்துக்கு.

பெரில்: என்னது! எப்போ சொன்னா?

வில்ஃப்: போன வாரம்.

பெரில்: வாசல்ல விக்கறதுக்குப் பலகை எதுவும் காணோமே... சரி, நீ என்ன சொன்னே?

வில்ஃப்: நானா?

பெரில்: பின்ன, அடுப்பையா கேக்கறேன்?

வில்ஃப்: கடல் காத்து அலுமினியத்துக்கு ஆகாதுன்னு சொன்னேன்.

பெரில்: கடவுளே!

வில்ஃப்: உண்மைதானே? வெள்ளையா பூத்துடும்...

பெரில்: எனக்குன்னு வாய்ச்சது ஒரு விளக்கெண்ணெய்! அவ வர்ற அன்னைக்கு மட்டும் ரெண்டு தடவை சவரம் பண்றே. போன பிறகு அவ குடிச்ச கப்பைக் கழுவ விடமாட்டேங்கறே. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?

வில்ஃப்: பெத்த பிள்ளை கூப்பிடறான். குறுக்க நின்னு போகாதீங்கன்னு சொல்ல நான் யாரு? எஞ்சின் கழுவறவன்.

பெரில்: அப்போ கழுவிக் குடுத்து அனுப்பிடு. அப்புறம் ராத்திரியெல்லாம் பெருமூச்சு விட்டு என் தூக்கத்தைக் கெடுக்காதே. ...இந்தா, எடுத்துட்டுப் போ. கை சுடும், பாத்து.

*

எட்னா: வாங்க வாங்க. கதவைச் சாத்துங்க, குளிர் உள்ள வருது. பெரில் திட்டினாளா?

வில்ஃப்: இல்லையே, மிசஸ் கிரீவ்ஸ்.

எட்னா: "கடவுளே"ன்னு இங்க வரைக்கும் கேட்டுச்சு.

வில்ஃப்: அது... அடுப்பைப் பாத்துச் சொன்னா.

எட்னா: எட்னான்னு கூப்பிடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

வில்ஃப்: ரெஜ் இருந்தப்போ அப்படியே பழகிடுச்சு.

எட்னா: ரெஜ் இருந்தப்போ... சரி விடுங்க. அதைக் குடுங்க, நான் பண்றேன். ஐயோ, கொதிக்குதே!

வில்ஃப்: துணியோட புடிச்சுக்குங்க. அப்படித்தான். இப்போ முன்னாடி இருக்கற விசிறியை மெதுவா ஆட்டுங்க. திருப்பக் கூடாது. சும்மா அப்படியும் இப்படியும்... தூங்கற குழந்தையை எழுப்பற மாதிரி.

எட்னா: ரெஜ் இடுக்கியைப் போட்டு ஒரே திருகு திருகுவாரு.

வில்ஃப்: தெரியும். அவர் வளைச்ச தண்டையெல்லாம் நிமித்திக் குடுத்தது நான்தானே.

எட்னா: பொறுமையே கிடையாது அவருக்கு. ஓடலேன்னா தூக்கி வீசிடுவாரு. அப்புறம் என்னைத்தான் புல்லுக்குள்ள தேட விடுவாரு.

வில்ஃப்: நானும் தேடியிருக்கேன் உங்ககூட.

எட்னா: ஆமா... மழையில. ரெஜ் கார்ல உக்காந்து சாண்ட்விச் தின்னுகிட்டு இருந்தாரு.

வில்ஃப்: முட்டை சாண்ட்விச்.

எட்னா: அதெல்லாமா ஞாபகம் இருக்கு உங்களுக்கு?

வில்ஃப்: ம்.

எட்னா: வில்ஃப்! அசையுது! கொஞ்சூண்டு... பாருங்க, அசையுது!

வில்ஃப்: அசையும். சூடு பட்டா எண்ணெய் இளகிடும். ஓடின எஞ்சினைத் துடைக்காம பரண்ல போட்டா விளக்கெண்ணெய் கோந்து மாதிரி புடிச்சுக்கும். எஞ்சின் செத்துப்போச்சுன்னு நினைப்பாங்க. உள்ள ஒரு கீறல் கூட இருக்காது. அந்த எண்ணெய்தான் இத்தனை வருஷம் துரு ஏறாமக் காப்பாத்தி வச்சிருக்கும். ...இருங்க. இப்படிக் குடுங்க.

எட்னா: ஏன்? என்ன?

வில்ஃப்: ஒன்னுமில்ல. பின்னாடி மூடியைக் கழட்டிப் பாக்கறேன்.

எட்னா: அதான் அசையுதே. எதுக்குக் கழட்டிகிட்டு...

வில்ஃப்: நாலு திருகாணிதான்.

எட்னா: டீ ஆறுது, குடிச்சுட்டு...

வில்ஃப்: எண்ணெய் மஞ்சளா இருக்கு.

எட்னா: விளக்கெண்ணெய் மஞ்சளாத்தானே இருக்கும்?

வில்ஃப்: பாட்டில்ல இருக்கறப்போ. ஒரு தடவை ஓடிட்டா கறுப்பு சேந்துடும். இது சுத்தமா தேன் மாதிரி இருக்கு.

எட்னா: எங்க பரண்ல வெயிலே படாது. அதனால இருக்கும்.

வில்ஃப்: ஆமாமா. இருக்கும்.

எட்னா: இருக்கும்தானே?

வில்ஃப்: புகை போற ஓட்டையில ஒரு இலை ஒட்டியிருக்கு.

எட்னா: இலையா? என்ன இலை?

வில்ஃப்: ரோஸ்மேரி. ஆட்டுக்கறி வறுக்கறப்போ போடுவாங்களே...

எட்னா: எதுக்குப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியும்!

வில்ஃப்: ரெஜ் தாழப் பறக்க விடுவாருதான். யார் வீட்டுத் தோட்டத்துலயாவது உரசியிருக்கும்.

எட்னா: ...அந்தத் தட்டை நல்லாத்தான் கழுவினேன்.

வில்ஃப்: எந்தத் தட்டை?

எட்னா: கிண்டல் பண்ணாதீங்க வில்ஃப். மூஞ்சியில எனக்கு ரத்தம் ஏறுது. ஆமா, நான்தான். மருந்துக் கடையில வாங்கின விளக்கெண்ணெய். எஞ்சினுக்குள்ள ஊத்தி, கெட்டிப்படட்டும்னு கறி வறுக்கற தட்டுல வச்சு, அடுப்புக்குள்ள தள்ளிட்டு சர்ச்சுக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா வீடெல்லாம் புகை. பக்கத்து வீட்டு ஐவி தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடறதுக்கு டெலிபோனைக் கையில எடுத்துட்டா! ...சிரிக்கறீங்களா?

வில்ஃப்: இல்ல...

எட்னா: தோள் குலுங்குது! சிரிக்கறீங்க!

வில்ஃப்: ஐவிகிட்ட என்ன சொன்னீங்க?

எட்னா: புதுசா ஒரு சமையல் குறிப்புன்னு சொன்னேன். ...எஞ்சினைக் கெடுத்துட்டேனா? ரெஜ்ஜுக்கு உசிரு மாதிரி இது.

வில்ஃப்: ஒன்னும் கெடல. வெறும் எண்ணெய்தானே. ஆனா அடுத்த தடவை அடுப்பைக் கொஞ்சம் குறைச்சு வைங்க.

எட்னா: அடுத்த தடவையா? எப்போ கண்டுபிடிச்சீங்க? இன்னைக்கா?

வில்ஃப்: முதல் ரெண்டும் நிஜமாவே புடிச்சுப் போனது. மூணாவதுல இருந்து மஞ்சள்.

எட்னா: மூணாவதா! அது போன குளிர்காலமாச்சே! அப்போ ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைப் போட்டுகிட்டு "அடடா, ரொம்பக் கெட்டியா இருக்கே"ன்னு தலையை ஆட்டினது?

வில்ஃப்: கெட்டியாத்தான் இருந்துச்சு.

எட்னா: ஏன் சொல்லல?

வில்ஃப்: சொன்னா கொண்டு வர மாட்டீங்களே.

பெரில்: கதவைத் தொற, ரெண்டு கையிலயும் தட்டு! கேக் ஆயிடுச்சு. என்ன, ரெண்டு பேரும் பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க?

எட்னா: ஒன்னுமில்ல பெரில். இவ்வளவு நாளா எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டு...

பெரில்: கஷ்டமா? ஒரு டீ குடிக்கற நேரத்துல கழட்டி மாட்டிடுவான் இவன். "ஊறணும், அடுத்த வாரம் வாங்க"ன்னு உங்ககிட்ட சொல்லிட்டு அன்னைக்கே முடிச்சு, சமையல் மேடை மேல வச்சு வாரம் பூரா பாத்துகிட்டே இருப்பான்.

வில்ஃப்: பெரில், கேக்கை வச்சுட்டுப் போ.

பெரில்: என் வீட்டுக் கொட்டகையில நான் நிக்கக் கூடாதா?

வில்ஃப்: போயேன் தாயே!

பெரில்: போறேன் போறேன். எட்னா, கேக்குல விளக்கெண்ணெய் வாசனை அடிச்சா என்னைத் திட்டாதீங்க.

எட்னா: ...ஊறணும்னு சொன்னீங்க.

வில்ஃப்: சில எஞ்சின் ஊறணும்.

எட்னா: எது?

வில்ஃப்: நீங்க கொண்டு வந்ததுல எதுவும் இல்ல.

எட்னா: நல்லாத்தான் இருக்கு நம்ம பொழப்பு. நான் அங்க கெட்டிப்படுத்தறேன், நீங்க இங்க ஊற வைக்கறீங்க.

வில்ஃப்: ஒன்னு கேக்கலாமா?

எட்னா: கேளுங்க.

வில்ஃப்: ஊரை விட்டுப் போறவங்க, போற வாரத்துல எதுக்கு இதைச் செய்யணும்? சும்மா வந்து, போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே.

எட்னா: ...எஞ்சினை ஓட்டிக் காட்டுங்க.

வில்ஃப்: கேட்டதுக்குப் பதில்...

எட்னா: முதல்ல ஓட்டிக் காட்டுங்க. ரெஜ் போன பிறகு இதோட சத்தத்தை நான் கேக்கவே இல்ல.

வில்ஃப்: சரி. மூடியை மாட்டியாச்சு. தள்ளி நில்லுங்க, விசிறிக்கு நேரா நிக்காதீங்க. ...அந்தக் குப்பியை எடுங்க. இல்ல, சின்னது. மூக்குகிட்ட கொண்டு போகாதீங்க, ஈதர் இருக்கு.

எட்னா: ஆஸ்பத்திரி வாசனை. உவ்வே! விரல் ஜாக்கிரதை.

வில்ஃப்: ஒன்னு... ம்ஹும். ரெண்டு...

எட்னா: இருமுது!

வில்ஃப்: பசிக்குது அதுக்கு. இன்னும் ஒரு சொட்டு. வாடா கண்ணு, வா... ஆ!

எட்னா: அடிச்சுடுச்சா? காட்டுங்க! ரத்தம் வருதா?

வில்ஃப்: இல்ல, லேசா. கோவக்காரன், ரெஜ் மாதிரியே. ...கையை விடுங்க மிசஸ் கிரீவ்ஸ், எஞ்சின் ஆறிடும்.

எட்னா: ஆறட்டும். ...சரி, ஓட்டுங்க.

வில்ஃப்: வந்துடுச்சு! வந்துடுச்சு!

எட்னா: அதே சத்தம்! அதேதான்! வில்ஃப், அழுகை வருது எனக்கு!

வில்ஃப்: என்ன?

எட்னா: அழுகை வருதுன்னேன்!

வில்ஃப்: கேக்கல! திருகாணியைக் கொஞ்சம் தளத்தறேன்! இப்போ பாருங்க, எப்படிப் பாடறான்!

எட்னா: எவ்வளவு நேரம் ஓடும்?

வில்ஃப்: என்ன?

எட்னா: எவ்வளவு நேரம்னேன்!

வில்ஃப்: டேங்க் தீர்ற வரைக்கும்! சத்தம் ஏறுது பாருங்க! இப்படி ஏறினா நிக்கப் போகுதுன்னு அர்த்தம்! எட்னா!

எட்னா: என்ன?

வில்ஃப்: எட்னா, நீங்க போகாதீங்க! ...நின்னுடுச்சு.

பெரில்: ஏய் வில்ஃப்! அடுத்த தெரு வரைக்கும் கேட்டுச்சு!

வில்ஃப்: ஜன்னலைச் சாத்து பெரில்!

எட்னா: நிக்கப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியும்.

வில்ஃப்: தெரியும்.

எட்னா: தெரிஞ்சுமா கத்தினீங்க?

வில்ஃப்: தெரிஞ்சுதான் கத்தினேன். சத்தத்துக்குள்ள சொல்லித் தப்பிச்சுக்கலாம்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம்... கேக்கட்டும்னு தோணிடுச்சு. கேக்காமலே நீங்க ரயில் ஏறிட்டா, நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க?

எட்னா: இன்னொரு தடவை சொல்லுங்க.

வில்ஃப்: கேட்டுச்சே உங்களுக்கு.

எட்னா: கேட்டுச்சு. இருந்தாலும் சொல்லுங்க.

வில்ஃப்: போகாதீங்க எட்னா. எனக்கு நீங்க வேணும். எஞ்சின் இல்லாட்டியும் பரவாயில்ல, சும்மா வாங்க. தினமும் வாங்க. வந்து, திரும்பிப் போகாம இங்கயே இருந்துட்டாலும்... அதையும் பெரில்கிட்ட பேசிக்கலாம்.

எட்னா: சரி.

வில்ஃப்: சரின்னா?

எட்னா: சரின்னா சரி. போகல.

வில்ஃப்: இவ்வளவு சுலபமாவா? ...இல்ல, இருங்க. உங்க பையன் கிரஹாமுக்கு மனசு கஷ்டமாயிடாதா?

எட்னா: ஆகாது.

வில்ஃப்: அம்மாவுக்குன்னு ஆசையா ஒரு அறையை ஒழிச்சு வச்சிருக்கான்னு சொன்னீங்களே. திடீர்னு வரலேன்னா எப்படி இருக்கும் அவனுக்கு? நான் வேணா டெலிபோன்ல பேசறேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன்.

எட்னா: வேண்டாம் வில்ஃப்.

வில்ஃப்: திட்டினா திட்டட்டும், நான் வாங்கிக்கறேன். பெத்த பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லாம எப்படி...

எட்னா: அவன் கூப்பிடவே இல்ல, வில்ஃப். அறையும் இல்ல, ஒன்னும் இல்ல. கிறிஸ்மஸுக்குக் கூட வான்னு சொல்லல. பெட்டி காலியாயிடுச்சு, இனி எதைச் சாக்கு வச்சு இங்க வர்றதுன்னு தெரியல... போறேன்னு சொன்னா, போகாதேன்னு சொல்ல எனக்குன்னு ஒருத்தராவது இருக்காங்களான்னு பாத்தேன்.