சின்னப்பையன் வூட்டு ஆளு

பாட்டனுக்குப் பாட்டன் பேரு தெரியலைன்னா சோறு எறங்காதா தம்பி? நீங்களே சொல்லுங்க! எனக்கு எங்க தாத்தன் பேரு தெரியும். அதுக்கு முந்தி எவன்னு தெரியாது. தெரியலைன்னு ஒரு நாளாவது அடுப்பு பத்த வெக்காம இருந்திருக்கறனா?... அங்க உக்காருங்க, அந்த ஃபேனுதான் சுத்தும். அவசரமே வேணாம். எறக்கத்துல லாரி கவுந்து கெடக்குதாம், கிரேன் இன்னும் வரல. தொப்பூர் கணவாயில மாட்டுனா மாட்டுனதுதான். களியா, சோறா? களி சூடா இருக்குது. கீர கடைஞ்சிருக்கறன், ஊத்திக்குங்க.

ஆங்... இப்ப தருமபுரிப் பக்கமா ஒரு வெள்ளக் காரு போச்சே, பாத்தீங்களா? ஒரு பெரியவரு, ஒரு கண்ணாடி போட்ட பொண்ணு. அவங்களத்தான் சொல்றன். வாட்சப்புல குரூப்பு வெச்சிருக்காங்க, 'வேரைத் தேடி'ன்னு. வேரு! மரவள்ளிக் கெழங்கு புடுங்கறதுக்கே ஊர்ல ஆளு கெடைக்கல, இவங்க வேரு தேடறாங்களாம்.

என்னா வேலைன்னு கேளுங்க. மலேசியாவுல ஒருத்தன், 'எங்க பாட்டன் தருமபுரிப் பக்கத்து ஆளு, அவரு சாதிசனம் யாராச்சும் இருக்காங்களா'ன்னு குரூப்புல போடுவான். இவங்க ஊர் ஊரா அலைஞ்சு கேட்டுச் சொல்லணும். பதிலுக்கு இங்கருந்து அங்க போனவங்களப் பத்தி இவங்க கேட்டா, அவன் சுடுகாடு சுடுகாடா நொழைஞ்சு, கல்லறையில எழுதியிருக்கறத போட்டோ புடிச்சு அனுப்பணும். மொய்யி மாதிரி! நீ எனக்கு வெச்சா நான் உனக்கு வெக்கறன். சம்பளமில்ல, கிம்பளமில்ல, பெட்ரோலு கூட கைக்காசு. பைத்தியம் புடிச்சா மந்திரிக்கலாம். இதுக்கு என்னத்த கட்டறது, தாயத்தா?

அந்தப் பெரியவரு இருக்காரே, மாதேஸ்வரன்... வேலையில இருந்து ரிட்டையராயி வூட்ல ஒக்காந்திருந்தவரு. அவருக்கும் கூடப்பொறந்த தம்பிக்கும் கெணத்துத் தகராறு. பேச்சு வார்த்த கெடையாது. நடுவுல ஒரே செவுரு தம்பி! இந்தப் பக்கம் தாளிச்சா அந்தப் பக்கம் தும்முவாங்க. தம்பி பொண்ணு கல்யாணத்துக்குப் போவல மனுசன். ஆனா பினாங்குல எவனோ ஒருத்தனுக்கு ஒண்ணுவுட்ட சித்தப்பன் காணாமப் போயிட்டானாம், அதுக்கு இவரு தூங்காமத் தேடறாரு. நான் மூஞ்சிக்கு நேராவே கேட்டன். "சுகுணாம்மா, அது வேற, இது வேற"ங்கறாரு. என்னா வேற? பினாங்குக்காரன் உங்க மோட்டாரு ஒயர அறுக்கல, அதான வேற?

அந்தப் பொண்ணு எழிலரசி, பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ் கட வெச்சிருக்குது. நல்ல புள்ளதான், கொற சொல்லக் கூடாது. ஆனா வாயத் தொறந்தா வம்சாவளி. கட்டம் கட்டமாப் போட்டு கோடு இழுத்து... அந்தக் கட்டத்த ரொப்பறதுக்குத்தான் நம்மள ஆத்தா பெத்துப் போட்ட மாதிரி!

இந்தக் கூட்டம் போன ஐப்பசியில எங்கிட்ட வந்துச்சு. எப்ப? நல்ல மத்தியானத்துல, பந்தி நெறைய ஆளு. பரிமாற வர்ற பொம்பள அன்னிக்கிப் பாத்து லீவு. ஒரு கையில கொழம்பு வாளி, ஒரு கையில அப்பளம். இவரு பின்னாலயே வர்றாரு. "உங்க பொறந்த ஊரு மேட்டுக்கொட்டாய்ங்களா?" ஆமா. "உங்க தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாருங்களா?" ஆமா. "அவரு மலேயாவுக்குப் போனாருங்களா?" ஆமாய்யா ஆமா. "பேரு சின்னப்பையன்?" ஆமா! "கன்னத்துல மச்சம்னு..." ரெண்டு கன்னத்துலயும் இருந்துச்சு, வழி வுடுங்க, கொழம்பு கொட்டிரும்!

அவ்ளோதான் தம்பி. நெசத்துல எங்க தாத்தனுக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தான். அவன் பேரு வேற. கோலாரு தங்கவயலுக்கு வேலைக்குப் போயி, பேதி புடுங்கித் திரும்பி வந்து மாடு மேச்சான். கப்பலக் கண்ணால கண்டவனில்ல. ஈ ஓட்டற மாதிரி ஆமா ஆமான்னு ஓட்டி வுட்டன். படிச்சவங்க, மறுபடி வந்து நெதானமாக் கேக்க வேணாம்? அக்கம்பக்கத்துல விசாரிக்க வேணாம்? ஊஹும். எழுதிக்கிட்டாங்க. கட்டத்துல போட்டுட்டாங்க!

தையில பாருங்க, வேனு வந்து நிக்குது. குரூப்பே எறங்குது, கையில சால்வ. நடுவுல ஒரு பொம்பள, என்னைவிட ரெண்டு மூணு வயசு கொறச்சலா இருக்கும், சுடிதாரு, தோள்ல கைப்பை. நிர்மலான்னு பேரு. மலேசியாவுல ஈப்போவுல டீச்சரா இருந்துச்சாம். என்னையப் பாத்ததும் "அக்கா!"ன்னு ஓடியாந்து கட்டிப் புடிச்சுது. எம் மேலெல்லாம் மாவு. நான் கட்ட மாதிரி நிக்கறன். இவங்க கை தட்டறாங்க, செல்லுல புடிக்கறாங்க. மாதேஸ்வரன் கண்ணத் தொடைக்கறாரு. அழுவறதுக்கு உங்களுக்கு உங்க தம்பி வூடு இருக்குதய்யா, ஏன் எங்கடையில வந்து அழுவறீங்க!

சொல்லிரலாம்னுதான் பாத்தன். இத்தன பேரு நடுவுல எப்படிச் சொல்றது? ரெண்டு நாளு இருந்துட்டுப் போயிரும், போவட்டும்னு வுட்டன். அது எங்க போச்சு? தருமபுரியில ரூம்பு போட்டுக்கிட்டு, விடிஞ்சா பஸ்ஸேறி எங்கிட்ட வந்துரும். "நான் வெங்காயம் உரிக்கிறேன்லா அக்கா"ன்னு, அவங்க ஊரு 'லா'வோட, முக்காலியப் போட்டு உக்காந்துரும். எனக்குத்தான் வூட்ல யாரு? அவரு போயாச்சு. மவன் ஓசூர்ல இருக்கறான், தீபாவளிக்கு வந்தா உண்டு. இது பக்கத்துல ஒக்காந்து, "தாத்தா எப்படி இருப்பாரு அக்கா, நம்ம நெலம் எங்க இருந்துச்சு அக்கா"ன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல? தங்கவயலு போனவனயே கொஞ்சம் ஒயரமாக்கி, மீச வெச்சு, கப்பலேத்தி வுட்டன்.

போட்டுக்குங்க, இன்னும் ஒரு உருண்ட. வெளிய ஒண்ணும் நவுரல, நான் பாத்துட்டுதான் இருக்கறன்.

ஒரு நாளு சாயந்தரம் கைப்பையத் தொறந்து ஒரு டப்பா எடுத்துச்சு தம்பி. மூடி ஒட்டி, மஞ்சத் துணி சுத்தியிருந்துச்சு. "அப்பா, அக்கா"ங்குது. அவங்கப்பன் சாம்பலு. சின்னப்பையன் மவன். அந்தாளு இந்த மண்ணையே பாத்ததில்ல, அங்கயே பொறந்து, ரப்பர் மரத்துல பாலெடுத்து, அங்கயே செத்தவரு. சாவறப்ப, "எங்கப்பன் ஊரு ஆத்துல கரைங்க. அவரு வூட்டு ஆளு ஒருத்தரு கையாவது படணும்"னாராம். "அந்தக் கை உங்க கைதான் அக்கா. நாளன்னிக்கி ஒகேனக்கல் போறோம்."

பொய்யி சொல்றது ஒண்ணு, பொணத்துகிட்ட பொய்யி சொல்றது ஒண்ணு இல்லீங்களா? அடுப்ப அணைச்சன். எதிர்ல ஒக்காந்தன். "அம்மா நிர்மலா, நான் சின்னப்பையன் வூட்டு ஆளு கெடையாது. அன்னிக்கி தொந்தரவு வுட்டாப் போதும்னு ஆமா போட்டன். மீசையும் பொய்யி, நெலமும் பொய்யி"ன்னு சொல்லிட்டன்.

திட்டுவான்னு பாத்தன். திட்டல. கத்திய எடுத்தா, மறுபடி வெங்காயத்த உரிக்க ஆரம்பிச்சா. கண்ணுல தண்ணி ஊத்துது. வெங்காயம் உரிக்கறவ எதுக்கு அழுவறான்னு எப்படித் தம்பி கண்டுபுடிக்கறது? மொத்தத்தயும் உரிச்சு வெச்சுட்டு, எந்திரிச்சுப் போயிட்டா. நான் அன்னிக்கி ராத்திரி சாப்புடல.

மறுநாளு வந்தாரய்யா மாதேஸ்வரன்! "எங்க மானமே போச்சு சுகுணாம்மா, ஒலகம் பூரா எங்கள நம்பறாங்க"ன்னு குதிக்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். "ஏய்யா, கொழம்பு வாளி கையில இருக்கறவகிட்டயா குடும்பக் கத கேப்ப? இந்த ஜில்லாவுல மேட்டுக்கொட்டாய் ஒண்ணுதான் இருக்குதா? மேடு இருக்கற எடமெல்லாம் மேட்டுக்கொட்டாய்தான்யா!"ன்னன். கூட வந்திருந்த எழிலரசிதான் உடனே செல்ல எடுத்துச்சு.

ஒண்ணு ஒத்துக்கணும், தேடறதுல மட்டும் கெட்டிக்காரங்க. அரூர்ல இருக்கற குரூப்பு ஆளு அவன் மாமியாரக் கேட்டான், அவ பென்னாகரத்துல ஒரு தாயாதியக் கேட்டா. ரெண்டு நாள்ல புடிச்சுட்டாங்க. நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மேட்டுக்கொட்டாய். சின்னப்பையனோட தம்பி பேரன், மாரியப்பன்னு. மாடி வூடு, டிராக்டரு, பெரிய இரும்பு கேட்டு. நானும் கடையப் பூட்டிட்டுக் கூடப் போனன். மனசு கேக்கல.

"ஆமா, சின்னப்பையன் எங்க பெரிய தாத்தாதான்"னான். நிர்மலா மொகம் அப்படியே மலர்ந்துச்சு. அடுத்த பேச்சு என்னா தெரியுங்களா? "இப்ப எதுக்கு வந்திருக்கீங்க? பங்கு கேக்கவா?" அது டப்பாவக் காட்டி, கை மட்டும் வெச்சாப் போதும் அண்ணன்னு கும்புடுது. "இன்னிக்கி கை வெக்கச் சொல்லுவ, நாளைக்கி கையெழுத்து கேப்ப"ன்னான். கேட்டச் சாத்திட்டான். உள்ள நாய வேற அவுத்து வுட்டான். நூறு வருசங்கழிச்சு வந்த சொந்தம், ஒரு சொம்பு தண்ணி குடுக்கல! ரத்தமாம், வேராம். தூ!

ஊருக்குக் கெளம்பற நாளும் நெருங்கிருச்சு. "அப்பாவத் திருப்பிக் கொண்டு போயிடறேன்"னு திரும்பி வர்ற கார்ல நிர்மலா தேம்பறா. முன் சீட்டுல மாதேஸ்வரன், பின்னால எங்ககூட எழிலரசி. எனக்குத் தாங்கல. "ஏன்டி, நீ யாரு? சின்னப்பையன் பேத்தி இல்லியா? அவரு வூட்டு ஆளு ஒருத்தரு கைதான கேட்டாரு? அந்தக் கை உங்கிட்டயே ரெண்டு இருக்குதேடி! இதுக்கா கடல் தாண்டி வந்து ஊரெல்லாம் தேடற?"ன்னு ஒரு போடு போட்டன். அவ்ளோ கட்டம் போட்டாங்களே, ஒருத்தருக்கும் அது தோணல. மாதேஸ்வரன்தான் டிரைவருகிட்ட, "ஒகேனக்கல்லுக்குத் திருப்புப்பா"ன்னாரு.

ஆத்துல தண்ணி நெறையப் போவுது. எண்ண தேய்க்கறவங்க, மீனு வறுக்கறவங்க, கூட்டம். பூசாரி ஒருத்தன், பொம்பளைங்க கரைக்கக் கூடாதுன்னான். "ஏன், டப்பாவுல இருக்கறது உங்கப்பனா?"ன்னன், போயிட்டான். பாற பூரா பாசி, வழுக்குது. அவ எறங்கறா, நான் பின்னால இடுப்பச் சுத்திப் புடிச்சுக்கிட்டன். அவ டப்பாவக் கவுத்தா. காத்துல கொஞ்சம் எம் மொழங்கையில வந்து ஒட்டுச்சு. நான் தொடைக்கல. கரைக்கு வந்ததும், "பசிக்குது அக்கா"ன்னா. மீனு வாங்கிக் குடுத்தன். நல்லாத் தின்னா.

போனவ வாரா வாரம் பேசறா. சண்டயும் போட்டுக்கறோம். ஏன்னா, இந்த மாரியப்பன் இப்ப எழிலரசிகிட்ட நம்பரு வாங்கிக் கூப்புட்டிருக்கறான்... "தங்கச்சி, பையன் இன்சினியருக்குப் படிச்சிருக்கறான், அங்க எதுனா வேல..." பங்கு கேட்டு வரலைன்னு தெரிஞ்சதும் தங்கச்சி! இவளும் பாக்கறேன் அண்ணன்னு சொல்லியிருக்கறா, கூறுகெட்டவ. நான்னா நாய அவுத்து வுட்டிருப்பன்.

இன்னிக்கி இவங்க எதுக்கு வந்தாங்கன்னா... என்னையும் குரூப்புல சேத்து வுட்டாங்க தம்பி. "ஓட்டல்ல ஊர் ஊரா ஆளு வந்து சாப்புடறாங்க, கேட்டுச் சொல்லுங்க"ன்னு ஒரு வேலையத் தலையில கட்டிட்டுப் போறாங்க. எனக்கு வேற பொழப்பில்ல பாருங்க! ஆனா ஒத்துக்கிட்டன். கேட்டுத் தொலைக்கணும் இல்ல?

உங்க வண்டி நாமக்கல்லு நம்பருதான? அதான் கேக்கறன். ராசிபுரத்துப் பக்கமிருந்து வெள்ளையம்மான்னு ஒருத்தி, கைக்கொழந்தையோட சிலோன் தோட்டத்துக்குப் போயிருக்கறா. அவ பேரன் கண்டியில இருந்து கேக்கறான். அவ அண்ணன் வூட்டாளுங்க லாரித் தொழில்ல இருக்கறதாப் பேச்சு. உங்களுக்கு ராசிபுரத்துல ஒறவு இருக்குதுங்களா? நெதானமா ரோசன பண்ணிச் சொல்லுங்க, நான் இப்ப கரண்டி கிரண்டி ஒண்ணும் புடிக்கல. உங்க தாத்தாவுக்குத் தங்கச்சி யாராச்சும்... இருங்க, மோரு கொண்டாறன். எழுந்திரிக்காதீங்க...

தம்பி? எங்க, கை கழுவப் போனாரா? யோவ், அது அவரு லாரியா? ரோடுதான் இன்னும் தொறக்கலையே, எங்க வண்டிய எடுத்து எங்க போயி நிறுத்தப் போறாரு?... ஏங்க! ஏய் தம்பி! காசு கெடந்துட்டுப் போவுதுங்க... உங்க தாத்தா பேரச் சொல்லிட்டுப் போங்க!