விட்டுப்போன சீர்

– திருட்டுப் பயலுவ, சிவரஞ்சனி! கொரோனாவுல விவசாயிக்குன்னு கவர்மெண்டு போட்ட பணத்தையே எவனோ எடுத்துட்டான். எடுத்த கை வெளங்குமா? நம்ம செட்டிகுளத்து முருகன் கேப்பான்!

– கத்தாதீங்க பெரியப்பா. கம்ப்யூட்டர் சென்டர்ல நாலு பேரு உக்காந்திருக்காங்க. ஆதார் நம்பரச் சொல்லுங்க, பாத்துருவோம்.

– ஊருல எல்லாருக்கும் வந்துருச்சு, இந்தப் பூமாலைக்கு மட்டும் வரல. வெங்காயத்துல திருகல் நோய் விழுந்துருக்கு தாயி. இந்த வாரம் மருந்தடிக்கலன்னா மொத்தமும் அழுவிப் போயிரும். மருந்துக் கடையில கடன் இல்லைங்கறாங்க.

– வந்திருக்கே பெரியப்பா! ஏப்ரல்ல, ஆகஸ்டுல, இப்ப டிசம்பர்ல. மூணு தடவ ரெண்டாயிரம். ஆனா இந்தப் பாஸ்புக்குல இல்ல. பையில வேற பாஸ்புக்கு இருக்கா?

– அட்ட கிழிஞ்சது ஒண்ணு கெடக்கு. ஃபாரம் குடுக்கறப்ப புதுசு கையில சிக்கல, இதத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். ஏன், தப்பா?

– இந்தக் கணக்குக்குத்தான் போயிருக்கு. இதுல ரெண்டு பேரு இருக்கே. பூமாலை, கமலவேணி. யாரு பெரியப்பா கமலவேணி?

– என் தங்கச்சி. அப்பா இருக்கறப்ப எங்க ரெண்டு பேரு பேர்லயும் ஆரம்பிச்ச கணக்கு. ஏடிஎம் கார்டு அவகிட்டதான் இருக்கு. ரெட்டிபாளையத்துல கட்டிக் குடுத்திருக்கு.

– அப்பறம் என்ன? ஒரு போனப் போடுங்க.

– மூணு வருசமாப் பேச்சு இல்ல தாயி. நெலத்துல பங்கு கேட்டா. அந்தக் கோவத்துல பொங்கச் சீரு கொண்டு போறதையே நிறுத்திட்டேன்... ஐயோ முருகா, கை வெளங்காதுன்னு சொல்லிட்டனே! அத மட்டும் காதுல வாங்கிக்காதப்பா.

– வாங்கிருக்க மாட்டாரு, இங்க பிரிண்டர் சத்தம் ஜாஸ்தி. நம்பரச் சொல்லுங்க, என் போன்லயே ஸ்பீக்கர்ல போடறேன். இந்தாங்க, பேசுங்க.

– அலோ, யாருங்க?

– கமலா... நாந்தான்.

– அண்ணே! அண்ணனா? நல்லாருக்கியாண்ணே? அண்ணிக்கு ஒண்ணும் இல்லையே?

– ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாப்ள வேலைக்குப் போறாரா?

– இப்பப் போறாரு. லாக்டவுன்ல சிமெண்டு ஆலைய மூடிட்டாங்கல்ல, மூட்ட தூக்கறவருக்கு ஏது கூலி? ரெண்டு நாளு பாப்பாவுக்கே வெறும் கஞ்சித் தண்ணிதான். அப்பத்தான் நம்ம கணக்குல ரெண்டாயிரம் வந்துச்சு. எடுத்து அரிசி வாங்கிட்டேன். அண்ணே... நீதான போட்ட?

– பெரியப்பா, அது உங்க பணம்னு சொல்லுங்க. மருந்து வாங்கணும்ல?

– சும்மா இரு தாயி. ஆமா கமலா. நாந்தான் போட்டேன். விட்டுப்போன சீருன்னு வச்சுக்க.

– மூணு தடவையுமா?

– மூணு தடவையுந்தான்.

– பெரியப்பா, அப்ப கணக்கு மாத்தறதுக்கு நான் எழுதி வச்ச இந்த ஃபாரம்?

– கிழிச்சுப் போட்டுரு தாயி. மெதுவாப் பேசு.

– எல்லாம் கேக்குதுண்ணே. இன்னும் உனக்குப் பொய் சொல்ல வரல பாரு! ரெண்டாந்தடவ வந்தப்பவே பேங்குல கேட்டுட்டேன், விவசாயிப் பணம்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்பறம் ஒரு ரூவா தொடல. நாலாயிரம் அப்படியே இருக்கு. நாளைக்கே வந்து வாங்கிட்டுப் போயி மருந்தடி.

– தெரிஞ்சுமா இத்தன நாளு இருந்த? ஒரு போன் போட்டிருக்கலாமில்ல, கமலா?

– போட்டா ஆளு அனுப்பி வாங்கிட்டுப் பேசாம இருந்துருவ. பணத்தத் தேடிக்கிட்டாவது நீயாக் கூப்புடட்டும்னு இருந்தேன். பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆவுதுண்ணே. மாமன் மடி வேணும்னு, இன்னும் காது குத்தாமத்தான் வச்சிருக்கேன்.