எவாஞ்சலின் போட்ட பக்கம்

— எடுக்க மாட்டேன்னு போன்லயே சொல்லிட்டேன் சார். அதுக்காகவா அம்பத்தூர்லேருந்து ஆவடி வரைக்கும் வந்தீங்க?

— தபாரு எவாஞ்சலின், உன்னாண்ட சண்ட போட வர்ல. டிசைனருங்க வேலையக் காட்டுற வெப்சைட்ல ஒரு பக்கம் தொறந்துகீறியே, அதுல அந்த அப்பள டப்பாவ மட்டும் தூக்கிடு. மத்தது இருந்துட்டுப் போவட்டும்.

— அது மட்டும் ஏன்?

— என் ஆபீஸ்ல போட்ட டிசைன் அது.

— அங்க இருக்கறது எல்லாமே உங்க ஆபீஸ்ல போட்டதுதான். வேலைய விடும்போது கேட்டேனே. ‘பார்ட்டி வேணாம்னு தள்ளுன குப்பதானே, எடுத்துக்கினு போ’ன்னு நீங்கதான் சொன்னீங்க.

— ஊட்ல வெச்சுக்கோன்னு சொன்னேன். ஊரே பாக்குற மாதிரி மாட்டுன்னா சொன்னேன்?

— வேற எதை மாட்டறது சார்? எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல்ல போர்ட்ஃபோலியோ லிங்க்தான் கேக்கறாங்க. மூணு வருஷம் உங்ககிட்ட இருந்தேன். கடைக்கு வந்த டப்பா ஒண்ணுகூட நான் போட்டதில்ல. எல்லாம் நீங்க போட்டது.

— அதுக்கு? தலைப்பு வேற, ‘தேர்வாகாத டிசைன்கள்’னு. பாக்குறவன் சிரிக்க மாட்டான்?

— எங்க வீட்டுக்காரர்கூட அதைத்தான் கேட்டார். சிரிக்கறவங்க சிரிக்கட்டும். உங்க வேலைய என் பேர்ல போட்டுக்க எனக்கு மனசு வரல. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஏன் இந்தக் கலர், ஏன் இந்த எழுத்துன்னு எழுதியிருக்கேன்.

— யாராச்சும் கூப்ட்டானா?

— இன்னும் இல்ல. கூப்பிடுவாங்க.

— இன்னா புடிவாதம்மா உனக்கு! டீ நல்லாகீது.

— பேச்சை மாத்தாதீங்க சார். அந்த டப்பாவைப் பத்தி யாரு உங்களைக் கேட்டாங்க?

— மாங்காட்டு ஹேமாவதி அம்மா. அப்பளக் கம்பெனி.

— அவங்க கம்பெனி பேரு அதுல தெரியுதேன்னு கோவமா? பேரை வேணா அழிச்சிடறேன்.

— கோவம்லாம் இல்ல. அவுங்க பொண்ணு நெட்ல பாத்துட்டுக் காட்டிச்சாம். ‘மூடியத் தொறந்தா அப்பளம் பொரிஞ்சு மேல எழும்புற மாதிரி கீதே, இத்தப் போட்ட பொண்ணு யாருய்யா’ன்னு கேட்டாங்க.

— இப்ப என்ன புதுசா? ‘சின்னப்புள்ளத்தனமா இருக்கு’ன்னு அவங்கதானே தள்ளினாங்க? அன்னிக்கு நீங்க வந்து சொன்னதும் பாத்ரூம்ல போய் அழுதேன் சார்.

— பழசு எதுக்கு இப்ப...

— ஏன் தலையக் குனிஞ்சுக்கறீங்க? சார்... அவங்க அதை முன்னாடி பாத்ததே இல்லையா?

— காட்டல.

— என்ன?

— காட்டலம்மா. பனியன்ல ஸ்க்ரீன் பிரின்ட் அடிச்சிக்கினு இருந்து மேல வந்தவன் இந்த செங்கல்வராயன். நானும் ஒண்ணு போட்டு எடுத்துக்கினு போயிருந்தேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா அவுங்க எத எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? அவுங்க வாசல்லயே உன்னுத பைக்குள்ள சொருவிட்டேன்.

— அது ஒண்ணு மட்டுமா?

— வுடேன் எவா.

— அந்தப் பக்கத்துல இருக்கற மத்ததெல்லாம்?

— ஒண்ணையும் காட்டல. மெய்யாலுமே ஒண்ணையும்.

— என் கைக்கு இந்த வேலை வராதுன்னே முடிவு பண்ணிட்டேன் சார். காட்டுப்பாக்கத்துல எல்.கே.ஜி. டீச்சர் வேலைக்குப் போகவும் கேட்டு வெச்சேன்.

— அழுவுறியா?

— இல்ல. யோசிக்கறேன்.

— திட்றதுன்னா திட்டிடு. மறுபடி ஆபீசுக்கு வா, இனிமே நானே கூட இட்டுக்கினு போய் காட்றேன். அந்தப் பக்கத்த மட்டும்...

— போனை எடுங்க சார். இதையெல்லாம் யார் யாருக்குன்னு போட்டேனோ, அவங்க நம்பரை ஒவ்வொண்ணா சொல்லுங்க. இப்பவே லிங்க் அனுப்பறேன். புடிக்கலைன்னா அவங்க வாயால சொல்லட்டும்.